சுங்கச்சாவடியும் பொன் ஏடும்: டென்மார்க்கும் தமிழ்க் கரையும்

தை மாதம் ஐந்தாம் நாள் எங்கள் மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா. தீர்த்தவாரிக்காக அண்ணாமலையார் திருவண்ணாமலையிலிருந்து தென்பெண்ணைக் கரைக்கு எழுந்தருள்வார். அக்கம்பக்கத்து ஊர்களின் உற்சவ மூர்த்திகளும் வந்து சேர்வார்கள். அன்று ஒரு நாள் மட்டும் மணலில் ஒரு கடைத்தெரு முளைக்கும். கரும்புக் கட்டுகள், வளையல், மண்சட்டி, துணி, பொம்மை எல்லாம் விற்பனையாகும். மாலையில் மூர்த்திகள் திரும்பிச் சென்றபின் கடைகளும் மறைந்துவிடும். ஆறு மட்டும் கிழக்கே கடலூரை நோக்கித் தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும், அதில் நீர் இருக்கும் ஆண்டுகளில்.

இந்த ஊரில் இருந்துகொண்டு டென்மார்க்கைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எனக்கு அந்த நாட்டின் அறிமுகம் ஒரு சுகாதார நிலையத்தின் வழியாக வந்தது. 1980களில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்திலும் சேலம் மாவட்டத்திலும் டேனிஷ் அரசின் வளர்ச்சி உதவி நிறுவனமான டானிடாவின் பணத்தில் ஒரு சுகாதாரத் திட்டம் நடந்தது. கிராமங்களில் துணைச் சுகாதார நிலையங்கள் எழுந்தன, செவிலியர்கள் பயிற்சி பெற்றனர். தடுப்பூசிக்காகக் கையைப் பிடித்து இழுத்துச் செல்லப்பட்ட சிறுவர்களில் நானும் ஒருவன். டானிடா என்பது ஏதோ சத்து டானிக்கின் பெயர் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அது ஒரு நாட்டின் பெயரிலிருந்து வந்தது என்பதும், அந்த நாடு தமிழகத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதும், அந்நாட்டவர் இருநூற்றிருபத்தைந்து ஆண்டுகள் நம் கரையில் ஒரு துறைமுகம் வைத்திருந்தார்கள் என்பதும் கல்லூரிக் காலத்தில்தான் தெரிந்தது.

அன்று தொடங்கி ஒரு கேள்வி என்னோடு இருக்கிறது. பெரிய நாடுகள் வணிகம் செய்வதைப் புரிந்துகொள்வது எளிது. அவர்களிடம் படை உண்டு, பணம் உண்டு, சந்தை உண்டு. இவற்றில் எதுவும் போதுமான அளவு இல்லாத சிறிய நாடு உலகச் சந்தையில் எதை வைத்துப் பிழைக்கிறது? அதனோடு வணிகம் செய்யும் மறுகரைக்கு அதனால் என்ன நன்மை?

*

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க் அரசருக்கு வந்த வருவாயின் சிறப்பான ஊற்று ஒரு சுங்கச்சாவடி. வட கடலுக்கும் பால்டிக் கடலுக்கும் இடையே ஓரெசுண்ட் என்னும் குறுகிய நீரிணை உண்டு. ஐரோப்பாவின் தானியம், மரம், சணல், கீல், உப்பு, மீன் எல்லாம் பெரும்பாலும் இதன் வழியாகவே போய்வந்தன. 1429 முதல் அந்த வழியில் செல்லும் அயல்நாட்டுக் கப்பல்கள் ஹெல்சிங்யோர் என்னும் ஊரில் நின்று டேனிஷ் அரசருக்குத் தீர்வை கட்ட வேண்டியிருந்தது. கட்டாமல் போக நினைப்பவரை மிரட்டுவதற்குக் கரையில் குரோன்போர்க் கோட்டையின் பீரங்கிகள் இருந்தன. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் உலவும் எல்சினோர் அரண்மனை என்று இலக்கிய வாசகர்கள் அறிந்திருப்பது இந்த இடத்தைத்தான். இளவரசனின் தந்தையுடைய ஆவி நடமாடிய மதில்களுக்குக் கீழே கப்பல்கள் வரிசையில் நின்று சுங்கம் செலுத்தின என்பதை நாடகம் சொல்வதில்லை.

இந்தப் பணம் நேரடியாக அரசரின் கருவூலத்துக்குப் போயிற்று. பிரபுக்களின் சபையைக் கேட்காமல் அரசர் செலவழிக்கலாம். அப்படிச் செலவழித்தவர்களில் முதன்மையானவர் நான்காம் கிறிஸ்டியான். நகரங்கள் கட்டினார், போர்கள் தொடுத்தார். ஆம்ஸ்டர்டாமில் டச்சுக்காரர்கள் மிளகில் சம்பாதிப்பதைக் கண்டு, 1616இல் டச்சுக் கம்பெனியை முன்மாதிரியாகக் கொண்டு டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினார். யோசனை சொன்னவர்களும் டச்சு வணிகர்களே.

சுங்கத்தால் வாழும் நாட்டிடம் பிறர் பொருளின் மீது பணம் வாங்கும் திறமை இருந்தது. தானே விற்பதற்குப் பொருள் அதிகம் இல்லை. ஆசியாவுக்கு வந்த ஐரோப்பியர் எல்லோருக்கும் இருந்த இந்தச் சிக்கல் டென்மார்க்குக்கு இரட்டிப்பாக இருந்தது. மிளகும் துணியும் வாங்க வெள்ளி வேண்டும். டென்மார்க்கில் வெள்ளியும் குறைவு.

*

1618 நவம்பரில் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட கப்பல்களுக்குத் தலைவராக இருந்த ஓவே ஜெட்டே என்பவருக்கு அப்போது இருபத்துநான்கு வயதுகூட நிரம்பவில்லை. அவர்கள் முதலில் குறிவைத்தது தமிழகத்தை அல்ல, இலங்கையை. கண்டி அரசர் போர்த்துக்கீசியருக்கு எதிராக உதவி கேட்கிறார் என்று ஒரு டச்சுக்காரர் கோபன்ஹேகனில் சொல்லியிருந்தார். அவர் வழியிலேயே இறந்துபோனார். 1620இல் கப்பல்கள் இலங்கையை அடைந்தபோது, அவர் சொன்னதற்கும் அங்கிருந்த நிலைக்கும் பெரிய பொருத்தம் இல்லை.

அதற்குள் முன்னே அனுப்பப்பட்ட கப்பலொன்று காரைக்கால் பகுதிக் கடலில் போர்த்துக்கீசியரால் அழிக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து தப்பிக் கரையேறிய சிலரில் ஒருவரான ரோலண்ட் கிராப்பே தஞ்சை இரகுநாத நாயக்கரின் அரசவையை அடைந்தார். நாகப்பட்டினத்தில் வலுவாக அமர்ந்திருந்த போர்த்துக்கீசியருக்கு எதிர்க்கடை வைக்க ஓர் ஆள் கிடைத்தால் நல்லது என்பது நாயக்கரின் கணக்காக இருந்திருக்க வேண்டும். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஏற்பட்டது. தரங்கம்பாடி என்னும் மீனவர் ஊரில் கோட்டை கட்டவும் வணிகம் செய்யவும் ஆண்டுக் குத்தகையின்பேரில் டேனியருக்கு உரிமை கிடைத்தது. இரகுநாதர் டேனிஷ் அரசருக்குப் பொன் ஏட்டில் ஒரு மடல் அனுப்பினார். அந்த ஏடு இன்றும் கோபன்ஹேகனில் டேனிஷ் அரசு ஆவணக் காப்பகத்தில் உள்ளது.

இந்தப் பொன் ஏட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பிற்காலத்து அடிமைத்தனத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நாம் எல்லா ஐரோப்பிய ஒப்பந்தங்களையும் படிக்கிறோம். ஆனால் 1620இல் நிலத்தைத் தருபவர் தஞ்சை அரசர். வாடகை கட்டிக் குடியிருப்பவர் டென்மார்க் அரசர். பொன்னில் எழுதி அனுப்பியது பணிவால் அல்ல, தன் செல்வத்தை அறிவிப்பதற்காக. இருதரப்பு வணிகம் என்ற சொல்லை அதன் முழுப் பொருளில் பயன்படுத்தத் தக்க நேரம் அதுதான்.

*

ஆனால் வாடகைக்கு வந்தவரின் கையில் காசில்லை. 1626இல் ஜெர்மானியப் போர்க்களத்தில் நான்காம் கிறிஸ்டியான் பெருந்தோல்வி கண்டார். கருவூலம் காலியாயிற்று. 1622க்கும் 1637க்கும் இடையே டென்மார்க்கிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட 18 கப்பல்களில் திரும்பிச் சேர்ந்தவை 7 மட்டுமே என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கோட்டையில் இருந்தவர்கள் ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்புவதைவிட இங்கேயே துறைமுகத்துக்குத் துறைமுகம் வணிகம் செய்து நாள் கடத்தினார்கள். சோழமண்டலத்துத் துணியை மக்காசருக்குக் கொண்டுபோய்க் கிராம்பாக மாற்றினார்கள். 1642இல், வங்காளத்தில் தங்கள் கப்பல்களுக்கு ஏற்பட்ட இழப்புகளுக்கு ஈடுகேட்டு முகலாயப் பேரரசின் மீதே போர் அறிவித்தார்கள். தில்லியில் யாரும் அதற்காகத் தூக்கம் இழந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெயரில் வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களைப் பிடிப்பது டேனியருக்கு ஒரு வருமானமாயிற்று. அந்தப் போர் 1698 வரை முறைப்படி முடியவில்லை.

1650இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அச்செய்தியும் தரங்கம்பாடிக்கு உரிய காலத்தில் வரவில்லை. ஏனெனில் கப்பலே வரவில்லை. 1643க்குப் பிறகு 1669 வரை தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பலும் இந்தக் கரையைத் தொடவில்லை. நோயிலும் முதுமையிலும் ஒவ்வொருவராக இறந்து, 1655 அளவில் கோட்டையில் எஞ்சியிருந்தவர் எஸ்கில்ட் ஆண்டர்சன் காங்ஸ்பக்கே என்னும் எளிய குடியில் பிறந்த டேனியர் ஒருவரே. அவர் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கொடியை இறக்காமல் ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் ஊரை நடத்தினார். நாயக்கரின் படையிடமிருந்து காக்க ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். 1669இல் கப்பல் வந்தபோது, தங்களுக்கு இன்னும் ஒரு காலனி இருப்பதை அறிந்து கோபன்ஹேகன்காரர்கள் வியந்திருக்கக்கூடும். தமிழில் இதை வைத்து யாரும் ஒரு நாவல் எழுதாதது ஆச்சரியம்தான்.

டென்மார்க் மறந்திருந்த அந்த ஆண்டுகளில் தரங்கம்பாடியை உயிரோடு வைத்திருந்தவர்கள் அங்கிருந்த தமிழ்க் குடிகளே. அரசரின் முத்திரை பொறித்து அங்கே அச்சடிக்கப்பட்ட ஈய, செப்பு நாணயங்களை டேனியர் 'காஸ்' என்று அழைத்தார்கள். நம் 'காசு'தான் அது. சொல்லைக் கூட இங்கிருந்தே கடன் வாங்கினார்கள்.

*

டென்மார்க்குக்கு நல்ல காலம் பிறந்தது பதினெட்டாம் நூற்றாண்டில். அதற்குக் காரணம் டேனியரின் வீரமல்ல, பிறரின் சண்டை. 1732இல் தொடங்கிய ஆசியக் கம்பெனி சீனத்து காண்டன் துறைமுகத்திலிருந்து தேயிலை கொண்டுவந்தது. அதில் பெரும்பங்கு வேறு நாடுகளுக்கு மறுஏற்றுமதியாயிற்று. கடும் தீர்வை இருந்த இங்கிலாந்துக்குள் அது கள்ளத்தனமாகவும் நுழைந்தது. 1784இல் இங்கிலாந்து தேயிலைத் தீர்வையை வெகுவாகக் குறைத்ததும் அந்த இலாபம் சுருங்கியது.

இந்திய வணிகத்தில் நடந்தது இன்னும் சுவையானது. 1772 முதல் டேனிஷ் தனியார் வணிகருக்கும் இந்தியாவோடு வணிகம் செய்ய உரிமை கிடைத்தது. 1777இல் தரங்கம்பாடியின் நிர்வாகம் கம்பெனியிடமிருந்து அரசுக்கு மாறியது. அப்போது இங்கிலாந்தும் பிரான்சும் ஓயாது போரிட்டன. போர்க்காலத்தில் நடுநிலை நாட்டின் கொடி பறக்கும் கப்பலுக்குத்தான் பாதுகாப்பு. மேலும், ஆங்கிலக் கம்பெனியின் ஊழியர்கள் சென்னையிலும் கல்கத்தாவிலும் தவறான வழிகளில் சேர்த்த செல்வத்தைத் தங்கள் கம்பெனிக்குத் தெரியாமல் ஐரோப்பாவுக்கு அனுப்ப வழி தேடிக்கொண்டிருந்தார்கள். இங்கே அவர்கள் டேனிஷ் வணிகரிடம் பணத்தைக் கொடுத்து, ஐரோப்பாவில் மாற்றிக்கொள்ளும் உண்டியலைப் பெற்றார்கள். அந்தப் பணத்தில் துணி வாங்கி டேனிஷ் கப்பலில் ஏற்றினார்கள். வெள்ளி இல்லாத நாட்டின் பழைய சிக்கல் இவ்வாறு தீர்ந்தது. இங்கு கொள்ளைபோன பணமே இங்கத்துத் துணிக்கு விலையாயிற்று. டேனிஷ் வரலாற்றாசிரியர் ஓலெ ஃபெல்ட்பெக் இந்த வணிகத்தைக் கணக்கேடுகளிலிருந்து விரிவாக எழுதியிருக்கிறார்.

கவனித்தால் இது ஓரெசுண்டின் அதே தொழில்தான். பிறர் சரக்கு, பிறர் பணம், பிறர் அவசரம். நடுவில் நின்று ஒரு தீர்வை. சுங்கச்சாவடி நீரிணையிலிருந்து கப்பலின் கொடிக்கம்பத்துக்கு இடம் மாறியிருந்தது.

துணி போய்ச் சேர்ந்த இடத்தையும் சொல்லியாக வேண்டும். கோபன்ஹேகனில் இறங்கிய இந்தியத் துணியில் ஒரு பகுதி மீண்டும் கப்பலேறி, மேற்கு ஆப்பிரிக்காவில் இன்று அக்ரா என்று அழைக்கப்படும் இடத்திலிருந்த கிறிஸ்டியான்ஸ்போர்க் கோட்டைக்குப் போனது. அங்கே அது மனிதர்களை வாங்கப் பயன்பட்டது. டேனிஷ் கப்பல்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை அட்லாண்டிக்கின் மறுகரைக்குக் கொண்டுசென்றன. செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், 1733இல் பிரான்சிடம் வாங்கிய செயின்ட் குரோய் ஆகிய தீவுகளில் அவர்கள் கரும்பு வெட்டினார்கள். அந்தச் சர்க்கரை கோபன்ஹேகனின் ஆலைகளில் வெளுக்கப்பட்டது. நகரின் அழகிய மாளிகைகள் பல அதில் எழுந்தவை. அடிமை வணிகத்தைத் தடைசெய்ய 1792இலேயே ஆணையிட்ட நாடு என்று டென்மார்க் பெருமைப்படுவதுண்டு. அந்த ஆணை நடைமுறைக்கு வந்தது 1803இல். இடைப்பட்ட பத்தாண்டுகளில் தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்களைச் சேர்த்துக்கொள்ளக் கடனுதவியும் அளிக்கப்பட்டது என்பதை அந்தப் பெருமையோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

தன் தறியில் நெய்த துணி எங்கே போகிறது என்பது சோழமண்டலத்து நெசவாளிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவருக்குத் தெரிந்தது முன்பணம் தரும் வணிகரை மட்டுமே. கம்பெனிகள் துபாஷிகள் வழியாகவும் உள்ளூர் வணிகர் வழியாகவும் முன்பணம் கொடுத்தன. அந்த வணிகர் நெசவூர்களுக்குச் சென்று கொடுத்தார். இங்கேதான் என் இரண்டாவது கேள்விக்கு ஒரு விடை கிடைக்கிறது. ஒரே கரையில் டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், டேனியர் என்று பல வாங்குபவர்கள் இருந்த வரையில் நெசவாளிக்குப் பேரம் பேச இடமிருந்தது. விலை பிடிக்கவில்லை என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்கு நெய்யலாம். குடும்பத்தோடு இடம்பெயர்ந்துபோகலாம். டேனியர் வாங்கிய அளவு சிறிதாக இருக்கலாம். ஆனால் இன்னொரு கடை திறந்திருக்கிறது என்பதே விற்பவனுக்கு ஒரு பலம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கம்பெனி அரசாகவும் ஆகி, தனக்கு நெய்யும் நெசவாளி பிறருக்கு விற்கக் கூடாது என்று அதிகாரத்தைக் கொண்டு கட்டுப்படுத்தியபோது அந்தப் பலம் போயிற்று. நெசவாளியின் வீழ்ச்சி மான்செஸ்டர் துணி வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அது தொடங்கியது வாங்குபவர் ஒருவரே ஆனபோது.

இலக்கிய வாசகர்கள் தரங்கம்பாடி என்றதும் நினைப்பது சீகன்பால்கையே. 1706 ஜூலையில் வந்திறங்கிய அவரை அனுப்பியவர் டேனிஷ் அரசர். ஆளோ ஜெர்மானியர். அச்சுப்பொறி இங்கிலாந்திலிருந்து வந்தது. காகிதம் போதாமல் பொறையாற்றில் காகித ஆலையே அமைத்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. இந்தப் பணியில் கம்பெனிக்கு விருப்பமில்லை. உள்ளூர்க் குடிகளின் மனம் கசந்தால் வணிகம் கெடும் என்று அஞ்சிய தளபதி, சீகன்பால்கைச் சில மாதங்கள் சிறையிலும் வைத்தார். இலாபக் கணக்கில் வராத இந்தப் பண்டம்தான் இறுதியில் டேனிஷ் தரங்கம்பாடியிலிருந்து நமக்கு நிலைத்தது.

*

நடுநிலைக் கொடியின் பலவீனம் ஒன்றுண்டு. பெரியவர்கள் அதை மதிக்கும் வரையே அது கொடி. 1801இல் ஆங்கிலேயர் தரங்கம்பாடியைக் கைப்பற்றி அடுத்த ஆண்டு திருப்பிக் கொடுத்தார்கள். 1807 செப்டம்பரில் பிரிட்டிஷ் கடற்படை கோபன்ஹேகன் நகரையே குண்டுவீசி எரித்து, டேனிஷ் கடற்படைக் கப்பல்களைக் கொண்டுபோயிற்று. 1808இல் தரங்கம்பாடி மீண்டும் பறிபோய் 1815இல் திரும்பி வந்தது. அதற்குள் 1813இல் டேனிஷ் அரசு திவாலாகியிருந்தது. 1814இல் நார்வேயும் கையைவிட்டுப் போயிற்று. திரும்பக் கிடைத்த தரங்கம்பாடிக்கு வருவதற்குக் கப்பல் இல்லை. இந்தியத் துணிக்குச் சந்தையும் இல்லை. நடத்துவது நட்டம்.

1845 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தரங்கம்பாடியும் வங்காளத்திலிருந்த செராம்பூரும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. கோட்டை, பண்டகசாலை, ஆளுநர் மாளிகை, வரி வாங்கும் உரிமை, அந்த வரியைக் கட்டும் மக்கள் எல்லாம் ஒரே கிரயத்தில் கைமாறின. 1620இல் நிலத்துக்குரியவர் எழுதிய பொன் ஏட்டில் தொடங்கிய உறவு, நிலத்துக்குரியவர் எவரும் கையெழுத்திடாத ஒரு விற்பனைப் பத்திரத்தில் முடிந்தது. சில காலம் தரங்கம்பாடி தஞ்சை மாவட்ட ஆட்சியரின் தலைமையிடமாக இருந்தது. 1861இல் நாகப்பட்டினத்துக்கு இரயில் வந்ததும் துறைமுகம் ஓய்ந்தது.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. செயின்ட் குரோயில் 1848இல் அடிமைகள் விடுதலை பெற்றபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. 1863இல் கல்கத்தாவிலிருந்து ஒரு கப்பலில் 321 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அந்த டேனிஷ் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காலம் முடிந்ததும் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். அடுத்த கப்பல் போகவில்லை. துணி முன்பு சென்ற பாதையின் மறுமுனைக்கு, இம்முறை மனிதர்களே சென்றிருந்தார்கள். அந்தத் தீவுகளையும் 1917இல் டென்மார்க் அமெரிக்காவுக்கு விற்றது. விலை 2.5 கோடி டாலர்.

*

1857இல் பிற நாடுகளின் வற்புறுத்தலால், ஒரு மொத்த ஈட்டுத்தொகை பெற்றுக்கொண்டு ஓரெசுண்ட் சுங்கத்தை டென்மார்க் கைவிட்டது. 1864இல் பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் தோற்றுத் தென்பகுதி மாகாணங்களை இழந்தது. சுங்கமும் இல்லை, காலனியும் போய்க்கொண்டிருக்கிறது, மிஞ்சியது மணலும் களிமண்ணும் கலந்த சிறிய நிலப்பரப்பு. அடுத்த அடி 1870களில் விழுந்தது. அமெரிக்காவிலிருந்து மலிவான கோதுமை ஐரோப்பாவில் குவிந்து, தானியம் விற்றுவந்த டேனிஷ் உழவரின் வயிற்றில் அடித்தது.

அவர்கள் செய்தது என்ன என்பதே இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. விலை வீழ்ந்த தானியத்தை விற்பதை விட்டு, அதை மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனமாக்கி, வெண்ணெயையும் உப்பிட்ட பன்றி இறைச்சியையும் இங்கிலாந்துக்கு விற்கத் தொடங்கினார்கள். அப்போது பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் சுழல் இயந்திரம் வந்திருந்தது. பல வீட்டுப் பாலைக் கலந்து ஒரே தரமான வெண்ணெய் எடுக்க அதனால் முடிந்தது. இயந்திரம் வாங்கத் தனி உழவரால் முடியாது, ஊர் சேர்ந்தால் முடியும். 1882இல் மேற்கு ஜட்லாந்தின் யெடிங் என்ற சிற்றூரில் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை தொடங்கியது. பத்து மாடு உள்ளவருக்கும் ஒரு மாடு உள்ளவருக்கும் ஒரே வாக்கு. சில பத்தாண்டுகளில் நாடெங்கும் நூற்றுக்கணக்கில் அவை பெருகின. நடுவில் நின்று தீர்வை வாங்கிய நாடு, முதன்முறையாகத் தானே ஒன்றைச் செய்து விற்கும் நாடாயிற்று.

ஒன்றிலிருந்து மற்றொன்று கிளைத்தது. பால்பண்ணைக்கு இயந்திரம் செய்யும் தொழில் வளர்ந்தது. பன்றி அறுப்பகங்களில் மலிவாகக் கிடைத்த கணையம், 1923இல் கோபன்ஹேகனில் இன்சுலின் உற்பத்தி தொடங்கியபோது மூலப்பொருளாயிற்று. அந்த மரபில் வந்த நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தின் சந்தை மதிப்பு 2023இல் டென்மார்க்கின் ஓராண்டு மொத்த உற்பத்தியையே விஞ்சியது. பின்னர் வெகுவாகச் சரிந்தது. ஏறத்தாழ 60 லட்சம் பேர் உள்ள நாடு ஒரே நிறுவனத்தின் தோளில் சாய்ந்து நிற்பதன் ஆபத்தை இந்தச் சரிவு காட்டிற்று.

தமிழகத்தோடு இரண்டாம் உறவு இந்த இயந்திரங்களின் வழியாக வந்தது. 1934இல் கோவைக்கு அருகே மதுக்கரை சிமெண்ட் ஆலையில் இயந்திரம் நிறுவ வந்த டேனிஷ் பொறியாளர் சோரன் டூப்ரோ. அவரும் ஹென்னிங் ஹோல்க்-லார்சனும் 1938இல் பம்பாயில் தொடங்கிய சிறிய நிறுவனமே லார்சன் அண்ட் டூப்ரோ. டென்மார்க்கிலிருந்து பால்பண்ணைக் கருவிகளை இறக்குமதி செய்து விற்பது அவர்களின் தொடக்ககாலத் தொழில்களில் ஒன்று. 1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கைக் கைப்பற்றியதும் இறக்குமதி நின்றது. வேறு வழியின்றிச் சிறு பட்டறையில் இங்கேயே கருவிகளைச் செய்யத் தொடங்கினார்கள். நாடு பறிபோன இரு அயலார், இன்னொரு அடிமை நாட்டில் உற்பத்தியைத் தொடங்கியதை வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்றாகவே கொள்ள வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பின் 1949இல் தூதரக உறவு ஏற்பட்டது. பிறகு உதவித் திட்டங்களின் காலம். தென்னார்க்காட்டுச் சுகாதார நிலையங்கள், வேளாண் பெண்களுக்கான பயிற்சி, முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் 1990ஐ ஒட்டி எழுந்த காற்றாலைகள் எல்லாம் டானிடாவின் பங்கோடு வந்தவை. அந்தக் காற்றாலைக்குப் பின்னாலும் ஒரு நெருக்கடி இருந்தது. 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது டென்மார்க் தன் எரிபொருள் தேவையில் மிகப் பெரும்பகுதிக்கு இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. உழவுக் கருவி செய்த பட்டறைகள் காற்றாலை செய்யத் திரும்பின. இன்று அந்நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. வெஸ்டாஸ் போன்ற நிறுவனங்கள் தமிழகத்திலேயே ஆலை வைத்திருக்கின்றன.

உறவில் கசப்பும் உண்டு. 1998 அணுவெடிப்புச் சோதனைகளுக்குப் பின் டென்மார்க் உதவியைக் குறைத்தது. 2003இல் இந்தியா, ஒரு சில பெரிய நாடுகள் தவிரப் பிற அரசுகளின் நேரடி உதவி இனி வேண்டாம் என்று அறிவித்தது. 1995 புருலியா ஆயுத வீச்சு வழக்கில் தேடப்பட்ட டேனிஷ் குடிமகனை ஒப்படைக்க 2011இல் டேனிஷ் நீதிமன்றம் மறுத்தபின் சில ஆண்டுகள் அரசுத் தொடர்புகள் உறைந்துகிடந்தன. 2020 செப்டம்பரில் பசுமைக் கூட்டாண்மை ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆனாலும் இறக்குமதித் தீர்வையைப் பற்றி டென்மார்க்கோடு தனியே பேச இன்று இந்தியாவால் இயலாது. 1973இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்ததிலிருந்து அந்தப் பேச்சு பிரஸ்ஸல்ஸில் நடப்பது. ஐரோப்பாவின் கப்பல்களையெல்லாம் நிறுத்திச் சுங்கம் கேட்ட நாட்டுக்கு இப்போது தனிச் சுங்கக் கொள்கை இல்லை.

*

ஆற்றுத் திருவிழாவுக்குத் திரும்புகிறேன். மணலூர்பேட்டையிலிருந்து ஆற்றை எதிர்த்து மேற்கே சென்றால் மூங்கில்துறைப்பட்டு. அங்கே கள்ளக்குறிச்சி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அறுவடைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாகக் காத்துக் கிடக்கும். பெயரளவில் அது யெடிங் பால்பண்ணையின் உறவினர்தான், கூட்டுறவு. ஆனால் இங்கே கரும்பு உழவருக்கு ஆலை ஒதுக்கீட்டுப் பகுதி என்று ஒன்று உண்டு. எந்த ஆலைக்கு எந்த ஊர்க் கரும்பு என்பதை அரசு வகுத்திருக்கிறது. வெட்டு ஆணை தாமதமானாலும் பணம் தாமதமானாலும் எளிதில் வேறு ஆலையை நாட முடியாது. ஆலையை நடத்துவதற்கும் அந்த ஏற்பாடு தேவை என்று சொல்பவர்களின் நியாயத்தையும் நான் மறுக்கவில்லை. ஆனால் காத்திருக்கும் டிராக்டரின் மேல் துண்டை விரித்துப் படுத்திருக்கும் உழவரைப் பார்க்கும்போதெல்லாம், முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை இழந்த நெசவாளியின் நினைவு வருகிறது.

டென்மார்க்கின் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. நடுவில் நின்று தீர்வை வாங்கும் பிழைப்பு எவ்வளவு செழித்தாலும், பெரியவர் ஒருவர் மனம் மாறினால் ஒரே நாளில் எரிந்துபோகும். வாக்குரிமையோடு சேர்ந்து உற்பத்தி செய்யும் சிற்றூர்களின் பிழைப்பு அவ்வளவு எளிதில் அழிவதில்லை. இது அவர்களைப் பற்றியது. நம்மைப் பற்றியது மற்றொன்று: வாங்குபவர் எத்தனை பேர் என்பதும், விற்பவருக்குக் கதவைத் திறந்துகொண்டு போக உரிமை உண்டா என்பதும், எந்த ஒப்பந்தத்தின் எந்த உறுப்பைவிடவும் முக்கியம்.

இரகுநாத நாயக்கரின் பொன் ஏடு கோபன்ஹேகனில் கண்ணாடிக்குள்ளோ பேழைக்குள்ளோ பத்திரமாக இருக்கிறது. அதில் இரண்டு அரசர்கள் இருக்கிறார்கள். நெசவாளியின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இருதரப்பு என்று நாம் சொல்லும்போது அந்த மூன்றாம் தரப்பையும் எண்ணிக்கொள்வது நல்லது.